அனுப்பப்பட்டது

கெலிஓயாப் பக்கம் ஒருவர் மவுத்தாகிவிட்டால் அந்த மரணச் செய்தியை யாரும் தேடிப்போய்த் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. பள்ளிவாசல் ஒலிபெருக்கி சொல்லும். இறைச்சிக்கடைக்காரர் சொல்வார். முச்சக்கர வண்டிக்காரர்கள் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போவார்கள். இவ்வளவும் போதாதென்று எதிர்வீட்டு மதிலுக்கு மேலால் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்து, கேட்காத விபரங்களையும் சேர்த்துச் சொல்லும். சிரமமெல்லாம் ஊரை விட்டுப் போனவர்களுக்குத்தான். நம்மவர்கள் ஜனாஸாவை வீட்டில் வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. காலையில் மவுத்தென்றால் மாலை அஸர் தொழுகையோடு அடக்கம். தூரத்தில் இருப்பவன் கேள்விப்பட்டுப் புறப்பட்டு வருவதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இதற்கு ஒரு வழி செய்யலாம் என்று நளீருக்கு யோசனை வந்தது போன நோன்பில்தான். நளீர் கண்டியில் ஒரு சின்ன மென்பொருள் கம்பெனியில் வேலை செய்பவன். கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். பள்ளிவாசல் காரியாலயத்தில் தூசு படிந்து கிடந்த கம்பியூட்டரைத் துடைத்து, சிம் போட்ட டொங்கிள் ஒன்றை அதில் செருகி, ஒரு ஸ்கிரிப்ட் எழுதிக் கொடுத்தான். பள்ளிவாசல் செயலாளர் ஹபீல் ஜனாஸா அறிவித்தலை எழுதி ஒரு பட்டனை அழுத்தினால் போதும். ஜமாஅத்தைச் சேர்ந்தவர்கள் எங்கே இருந்தாலும் அவர்களின் போனுக்கு மெசேஜ் போய்விடும்.

உண்மையில் அந்த ஸ்கிரிப்ட் தானாக ஒரு மெசேஜும் அனுப்பாது. டொங்கிளோடு பேசத் தெரிந்த புரோகிராம் வேறொன்று இருந்தது. ஸ்கிரிப்ட் செய்ததெல்லாம், ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தப் புரோகிராமைக் கூப்பிட்டு, வேலையை அதன் கையில் கொடுத்து அனுப்பி, அது திரும்பிவந்து சொல்வதை வாங்கித் திரையில் காட்டுவதுதான். அப்படிப் போய்வருகிற புரோகிராமுக்குப் பேச இரண்டு வழி உண்டு. சொல்ல வேண்டியதைச் சொல்ல ஒரு வழி, முறைப்பாடு செய்ய இன்னொரு வழி. அதுபோக, விடைபெறும்போது ஓர் இலக்கத்தையும் விட்டுப் போகும். பூச்சியம் என்றால் காரியம் நடந்தது. வேறெதுவானாலும் நடக்கவில்லை.

முதலில் நளீர் எல்லாவற்றுக்கும் காது கொடுக்கும்படியாகத்தான் எழுதியிருந்தான். ஆனால் அந்தப் புரோகிராம் பெரிய முணுமுணுப்புக்காரன். சிக்னல் கொஞ்சம் குறைந்தால் முறைப்பாடு, டொங்கிள் பதில் சொல்லக் கொஞ்சம் சுணங்கினால் முறைப்பாடு, அத்தனையும் சிவப்பு எழுத்தில். ஹபீல் சிவப்பைக் கண்டாலே வெலவெலத்துப் போகிற மனிதர். வேலை நேரத்தில் நளீருக்குப் போன் எடுத்து, திரை முழுக்கச் சிவப்பாக வருகிறது, வைரஸ் ஏதும் புகுந்துவிட்டதா, பிளக்கைக் கழற்றட்டுமா என்று கேட்பார். ஒருநாள் கழற்றியே விட்டார். அன்று பாதிப் பேருக்கு மெசேஜ் போகவில்லை. நளீருக்கு அலுத்துப்போனது. முறைப்பாடு வரும் வழியை ஒரே வரியில் அடைத்தான். விட்டுப்போகும் இலக்கத்தைப் பார்க்கிற வரியையும் சேர்த்து அழித்தான், அது பூச்சியமில்லை என்றால் ஸ்கிரிப்ட் நடுவழியில் நின்று ஹபீலை இன்னும் பயமுறுத்திக்கொண்டிருந்தது. கூப்பிட்ட புரோகிராம் எப்படித் திரும்பிவந்தாலும் ‘அனுப்பப்பட்டது’ என்று பச்சை எழுத்தில் காட்டச் சொல்லிவிட்டான்.

அலுவலகத்தில் வேறு யாராவது இப்படி எழுதியிருந்தால் வாயில் வந்தபடி ஏசியிருப்பான். பள்ளிவாசல் வேலைதானே, பிறகு பார்க்கலாம் என்று விட்டான். அன்றிலிருந்து திரை முழுக்கப் பச்சை. ஹபீல் அவனுக்குப் போன் எடுப்பதை நிறுத்தினார். ஜும்ஆ முடிந்ததும் நாலு பேர் முன்னால் நளீரின் முதுகில் தட்டி துஆச் செய்தார்.

நளீருக்கு மூத்தவள் ஒரு ராத்தா இருந்தாள், ஸுமைரா. இருந்தாள் என்று சொல்வதுகூட அந்த வீட்டில் குற்றம். வாப்பா ஹாஷிம் ஹாஜியார், தன் தங்கைக்குக் கொடுத்த வாக்குக்காக அவளைத் தங்கை மகனுக்கே நிக்காஹ் செய்துவைத்தார். அவன் கை நீட்டுகிறவன். ஸுமைரா இரண்டு வருடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, யாரிடமும் கேட்காமல் காதி நீதிமன்றம் போய் அவனை விட்டு விலகி வந்தாள். வாப்பாவுக்கு மகளின் காயத்தைவிடத் தங்கையின் கண்ணீர் பெரிதாகத் தெரிந்தது. இனி இந்த வாசலை மிதிக்கக் கூடாது என்றார். உம்மா உயிரோடு இருந்திருந்தால் குறுக்கே விழுந்திருப்பார். உம்மா போய்ச் சேர்ந்து வருடங்களாகியிருந்தன. மூத்தவன் அஸ்ஃபர் வாப்பாவின் பேச்சைப் பிடித்துக்கொண்டு, அவளோடு பேச்சு வைத்துக்கொள்கிறவனுக்கும் இங்கே இடமில்லை என்று சொல்லி வைத்தான். சொல்லத் தேவையே இருக்கவில்லை. நளீர் சண்டைக்கு நிற்கிற ஆளில்லை.

ஸுமைரா குண்டசாலையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸை வாடகைக்கு எடுத்துக்கொண்டு, அங்கேயே ஒரு பார்மசியில் வேலை செய்தாள். கெலிஓயாவிலிருந்து கண்டிக்கு ஒரு பஸ், அங்கிருந்து இன்னொரு பஸ். பேராதனையில் வாகன நெரிசல் இல்லையென்றால் ஒரு மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். அவ்வளவுதான் தூரம். நாலு வருடமாக அந்தத் தூரத்தை யாரும் கடக்கவில்லை.

வாப்பாவின் நெஞ்சு பழுதாகி, கண்டி ஆஸ்பத்திரியில் கிடந்து, டாக்டர் போகலாமென்று துண்டு வெட்டிக் கொடுக்க, வீட்டுக்குக் கூட்டிவந்த மறுநாள், அவர் நளீரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். அஸ்ஃபர் கடைக்குப் போயிருந்தான். அடுத்த வீட்டு மாமி, அந்த வாக்குக்கு உரிய அதே தங்கைதான், கஞ்சி வைத்துவிட்டுப் போயிருந்தார். வாப்பா சுவரைப் பார்த்தபடி பேசினார்.

“நான் மவுத்தான பொறகு அவ வந்தா, முகத்தக் காட்டுங்க. ஆரும் தடுக்க வேணாம்.”

அவ்வளவுதான் சொன்னார். பெயரைக்கூடச் சொல்லவில்லை. நளீருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அன்று மாலையே பள்ளிவாசலுக்குப் போய், ஸுமைராவின் சிநேகிதி ஒருத்தியிடம் எப்போதோ வாங்கி வைத்திருந்த எண்ணை எல்லா எண்களுக்கும் கடைசியில் சேர்த்தான். நல்ல ஏற்பாடு என்று தன்னைத் தானே மெச்சிக்கொண்டான். நேரம் வந்தால் எல்லாருக்கும் போகிற மெசேஜ் அவளுக்கும் போகும். எவன் கூப்பிட்டது என்று அஸ்ஃபர் நானா குதித்தால், பள்ளிவாசல் மெசேஜ் ஊருக்கெல்லாம்தான் போனது என்று கையை விரிக்கலாம். மாமியின் முகத்தைப் பார்த்து எதுவும் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மனிதன் இவ்வளவு கோழையாகவா இருப்பான் என்று நீங்கள் கேட்கலாம். இருந்தான். அதை அவன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தான், அதுதான் வேதனை.

வாப்பா ஒரு திங்கட்கிழமை விடியற்காலை ஸுபஹுத் தொழுகைக்குப் பிறகு மவுத்தானார். அஸ்ஃபர் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நளீர்தான் பள்ளிவாசலுக்கு ஓடினான். ஹபீல் அறிவித்தலை எழுத உட்கார்ந்தபோது, நகருங்கள் என்று தானே உட்கார்ந்து எழுதினான். தன் வாப்பாவின் பெயருக்குப் பின்னால் ‘வஃபாத்தானார்கள்’ என்று எழுதும்போது கண் மறைத்தது. பட்டனை அழுத்தினான். பச்சை வரிகள் ஒவ்வொன்றாக மேலே ஏறின. ஹபீல் அவனை வீட்டுக்குப் போகச் சொன்னார். கடைசி எண் வரைக்கும் இருந்து பார்த்துவிட்டுத்தான் நளீர் எழுந்தான். ஸுமைராவின் எண்ணுக்கு நேரே ‘அனுப்பப்பட்டது’ என்று வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று முகத்தைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான்.

குளிப்பாட்டிக் கஃபன் துணி சுற்றி, முகத்தை மட்டும் திறந்து வாப்பாவை நடு அறையில் வைத்திருந்தார்கள். பெண்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். நளீர் வீதியிலேயே நின்றான். கண்டிப் பக்கமிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸும் நிற்கும்போது இறங்குகிறவர்களைப் பார்த்தான். நடுப்பகல் லுஹர் தொழுகை நேரமும் போனது. தெரியாத முகங்கள் எல்லாம் வந்தன. மாத்தளையிலிருந்து வந்த தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் அவனைக் கட்டிப்பிடித்து, உங்கட மெசேஜ் கிடைத்ததால்தான் வர முடிந்தது, அல்லாஹ் கூலி தருவான் என்றார். அந்த வார்த்தை அவனை இன்னும் நிச்சயப்படுத்தியது. மெசேஜ் போயிருக்கிறது. பார்த்திருக்கிறாள். அப்படியும் வரவில்லை.

அஸ்ஃபர் முகத்தை மூடலாமா என்று கேட்டபோது, கொஞ்சம் பொறுங்கள் நானா என்றான். எதற்கு என்று அஸ்ஃபர் கேட்டான். மாமி நிமிர்ந்து பார்த்தார். நளீர் ஒன்றுமில்லை என்றான். மூடினார்கள். வாப்பாவை வைத்த சந்தூக்கைத் தூக்கித் தோளில் வைத்தபோது அவனுக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது. வாப்பா வாசலைத் திறந்துவிட்டுப் போனார், இவளுக்கு வருவதற்கு மனமில்லையே, இவ்வளவு கல்நெஞ்சா என்று அடக்கம் செய்யும் மையவாடி வரைக்கும் மனதுக்குள் ராத்தாவை ஏசிக்கொண்டே போனான். அதன் பிறகு வந்த வாரங்களிலும் ஏசினான். ஏசுவது ஒரு வகையில் அவனுக்கு ஆறுதலாகவும் இருந்தது. தன் பங்குக்குத் தான் செய்தாயிற்று.

உண்மையைக் கிளப்பிவிட்டவர் நஸீப் சேர், ஓய்வுபெற்ற ஆசிரியர். வீடு பள்ளிவாசலுக்கு நாலு எட்டு. ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர், தம்பி, ஒங்கட மெசேஜ் எனக்கு ஒருநாளும் வாறல்லையே, வாப்பாட மவுத்தையும் நான் ஒலிபெருக்கியில்தான் கேட்டேன் என்றார், குறையாகக்கூட இல்லை, சும்மா பேச்சுக்கு. பக்கத்தில் நின்ற இன்னொருவர் தனக்கும் வருவதில்லை என்றார். இரண்டு பேரும் பிந்திச் சேர்ந்தவர்கள். எண்களின் கடைசிப் பக்கத்தில் இருப்பவர்கள்.

அவர்களுக்கும் கீழேதான் நளீர் ஸுமைராவின் எண்ணைச் சேர்த்திருந்தான். காரியாலயத்துக்குள் போய்க் கம்பியூட்டரைத் திறந்தான். அடைத்து வைத்த வழியைத் திறந்துவிட்டான். அழித்த வரியைத் திரும்ப எழுதினான், இந்த முறை அந்த இலக்கத்தைத் திரையில் காட்டும்படி. மத்ரஸாப் பெற்றோர் கூட்டத்துக்கு ஓர் அறிவித்தல் அனுப்ப வேண்டியிருக்கிறது என்று ஹபீல் சொல்லியிருந்தார். அதையே எழுதிப் பட்டனை அழுத்தினான். வரிசையாகப் பூச்சியம் வந்தது. இடையிடையே வழக்கமான முணுமுணுப்பு, அதனால் ஒன்றுமில்லை. கடைசிப் பகுதிக்கு வந்ததும் பூச்சியம் நின்றது. ஒரே மூச்சில் இத்தனை மெசேஜ் அனுப்ப முடியாது என்று தொலைபேசி வலையமைப்பு மறுத்துக்கொண்டிருந்தது. ஒவ்வொரு எண்ணுக்கும் அந்தப் புரோகிராம் திரும்பிவந்து, நடக்கவில்லை, நடக்கவில்லை என்று சிவப்பில் சொல்லிக்கொண்டே இருந்தது. நஸீப் சேருக்கு நடக்கவில்லை. மற்றவருக்கு நடக்கவில்லை. கடைசியாக ஸுமைராவின் எண். நடக்கவில்லை.

ஹபீல் எட்டிப் பார்த்து, ஐயோ பழையபடி சிவப்பு வருகிறதே என்றார். நளீர் மேசையில் தலையை வைத்து அழுதான். பாவம், அவர் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவர ஓடினார். கடைசியில் இருந்த மற்ற எல்லாருக்கும் பள்ளிவாசல் ஒலிபெருக்கி இருந்தது, மதில் இருந்தது, கடைத்தெரு இருந்தது. அதனால் ஒருவரும் முறையிடவில்லை. இந்த ஒரு வழியைத் தவிர வேறு வழியில்லாதவள் ஒருத்தி. அப்படியொரு மெசேஜ் இருந்ததே அவளுக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை நளீர் குண்டசாலைக்குப் போனான். வழி நெடுக என்ன சொல்வதென்று யோசித்துக்கொண்டே போனான். தென்னெக்கும்புறப் பாலத்தைத் தாண்டும்போது, வாப்பாவின் வார்த்தை தன்னிடம் இருப்பது நினைவுக்கு வந்து கொஞ்சம் தெம்பு வந்தது. வேறு எதைக் கொடுக்காவிட்டாலும் அதைக் கொடுக்கலாம். வாப்பா மனம் மாறித்தான் போனார் என்பது எவ்வளவு பெரிய ஆறுதல்.

கதவைத் திறந்த ஸுமைரா மெலிந்திருந்தாள். கத்தவில்லை, கதவை மூடவுமில்லை. வா என்று சொல்லிக் கதிரையைத் துடைத்துப் போட்டாள். தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து வைத்தாள். நாலு வருடத்துக்குப் பிறகு வந்த தம்பிக்கு இஞ்சி தட்டிப் போட்டிருந்தாள், அவன் குடிப்பது அப்படித்தான் என்பதை அவள் மறக்கவில்லை. நளீரால் கோப்பையைத் தூக்க முடியவில்லை.

அவளே பேச்சை எடுத்தாள். வாப்பா மவுத்தானதற்கு மறுநாள் பார்மசிக்கு மருந்து வாங்க வந்த கெலிஓயாப் பெண்ணொருத்தி, ஒங்கட வாப்பாவ அல்லாஹ் பொருந்திக்கொள்ளட்டும் என்று ஆறுதல் சொன்னாளாம். எந்த வாப்பா என்று இவள் கேட்டாளாம். அந்தப் பெண் திகைத்துப்போய் மருந்தையும் வாங்காமல் போய்விட்டாளாம். ஸுமைரா இதை அழாமல் சொன்னாள். வாப்பா மவுத்தான அன்று முழுநாளும் போன் என் கையில்தான் இருந்தது, நாலைந்து விளம்பர மெசேஜ்கூட வந்தது என்றாள்.

நளீர் எல்லாவற்றையும் சொன்னான். ஸ்கிரிப்டை, அது கூப்பிட்ட புரோகிராமை, அடைத்த வழியை, பச்சை எழுத்தை, வீதியில் நின்று பஸ் பார்த்ததை, இத்தனை வாரமாக அவளை ஏசிக்கொண்டிருந்ததையும் விடாமல் சொன்னான். 

“சரி, மெஷினுல பிழ” என்றாள் கடைசியில். “நீ என்னைய நெனச்சு நம்பரப் போட்டீக்கியே, அது போதும். வேணுமென்டே என்னைய விட்டுட்டாங்க என்டுதான் நான் நெனச்சுட்டு ஈந்த.”

அந்த மன்னிப்பு அவனை உருக்கிவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராத்தா, வாப்பா உங்களை வெறுத்துக்கொண்டு போகவில்லை என்று ஆரம்பித்து, வாப்பா சொன்னதை ஒரு சொல் கூடாமல் குறையாமல் அப்படியே சொன்னான். ஸுமைராவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. சின்ன வயதில் வாப்பா கண்டிக்குப் போய் வரும்போது கேட்டடிக்கு ஓடுகிறவளின் முகம். பிறகு அது அப்படியே நின்றது.

“இத எப்ப செல்லினாங்க?”

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் என்றான் நளீர்.

“அதுக்குப் பொறகு எவ்வளவு நாள் ஈந்தாங்க?”

கொஞ்ச நாள் என்றான் அவன். அவள் விடவில்லை. ஒரு மாதம் வரும் என்றான்.

“ஒரு மாசம்” என்றாள் அவள். “நளீர், வாப்பா ஆஸ்பத்திரில ஈக்கிற என்டு கேள்விப்பட்டு நான் வாட்டு வாசல் வரைக்கும் வந்த. உள்ளுக்கு மாமி ஈந்தாங்க. வாப்பா வேணாம் என்டு செல்லுவாங்களோ என்டு பயந்து திரும்பிட்டேன். ஒரு ஆள் வா என்டு செல்லியிருந்தா போதும்.”

வாப்பா மவுத்தான பிறகு என்றுதானே சொன்னார் என்று நளீர் முனகினான். தான் அந்த நேரத்துக்காகத்தான் காத்திருந்ததாகச் சொன்னான். சொல்லும்போதே அந்த வார்த்தைகள் அவனுடைய காதுக்கே அசிங்கமாகக் கேட்டன.

“வாப்பா எப்பயாச்சும் வேணும் என்டு கேட்டு வாங்கினீக்காங்களா?” ஸுமைராவின் குரல் அப்போதுதான் உடைந்தது. “பசிச்சாலும் நீங்கல்லாம் திண்டாச்சா என்டுதான் கேப்பாங்க. உம்மா வெளங்கிட்டு சோத்தப் போடுவாங்க. மவுத்தான பொறகு வந்தா காட்டுங்க என்டா, இப்ப வரச்செல்லுங்க என்டுதானே? ஒனக்கு வெளங்கல்லையா?”

விளங்கவில்லை என்று நளீர் சொல்லியிருக்கலாம். அதுவும் பொய். அன்று சுவரைப் பார்த்துக்கொண்டு பேசிய வாப்பா, பேசி முடித்ததும் திரும்பி அவனுடைய முகத்தைத்தான் பார்த்தார், எதற்கோ காத்திருப்பதைப்போல. ராத்தாவுக்குப் போன் எடுக்கலாமா என்று அந்த நேரம் அவனுக்கும் தோன்றியது. அஸ்ஃபர் நானாவும் மாமியும் கண்முன்னே வந்தார்கள். எண்ணைச் சேர்த்துவிட்டால் போதும் என்று தன்னைச் சமாதானம் செய்துகொண்டு எழுந்து போனான்.

வெளியே யாரோ பேக்கரிப் பாண் வண்டியை நிறுத்திப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். ஸுமைரா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்தாள். பிறகு, அந்த மாதம் முழுக்க வாப்பா என்ன செய்தார், யாரையாவது கேட்டாரா என்று கேட்டாள். இல்லை என்று சொல்லிவிடத்தான் நளீருக்கு ஆசை. இவளிடம் இனியும் மறைத்துவிட்டு எழுந்து போக அவனால் முடியவில்லை.

“கட்டில முன் அறைக்கி மாத்தச் செல்லினாங்க” என்றான். “கேட் சத்தம் கேட்டா ஆரு வந்த என்டு கேப்பாங்க. பால்காரர் என்டு செல்லுவேன், மாமி என்டு செல்லுவேன். ஒவ்வொரு தரமும் கேப்பாங்க. கடைசிக் கெழமையில ஒருநாள் எனக்கும் களைப்பு, ஆரும் இல்ல வாப்பா, படுங்க என்டு கொஞ்சம் சத்தமாச் செல்லிட்டேன்.”

ஸுமைரா எழுந்து உள்ளே போனாள். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து வாசல் நிலையைப் பிடித்தபடி நின்றாள்.

“படுங்க என்டு நீ செல்லின பொறகு என்ன செஞ்சாங்க?”

“படுத்துட்டாங்க” என்றான் நளீர்.